திரையரங்கில் நேரலை இசைநாடகம்: பெரம்பலூர், அரியலூர் நோக்கில் ஒரு மதிப்பீடு

ஓபரா என்னும் மேலைநாட்டு இசைநாடகம், கதைமாந்தர் தம் உரையாடலையும் உணர்வையும் பெரும்பாலும் பாட்டாகவே வெளிப்படுத்துவதும், பாடகரின் குரல் ஒலிபெருக்கியின் துணையின்றியே பெரும் வாத்தியக் குழுவின் ஓசையைக் கடந்து கடைசி வரிசையை எட்ட வேண்டும் என்ற மரபு உடையதுமாகும். ஏறத்தாழ 3,800 பேர் அமரும் தன் அரங்கின் எல்லையைத் தாண்ட விரும்பிய நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா நிறுவனம், 2006 டிசம்பர் 30 அன்று மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இசைநாடகத்தைச் செயற்கைக்கோள் வழியே திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கியது. அங்குப் பிற்பகல் ஒரு மணி என்றால் இந்தியாவில் இரவு 10:30 அல்லது 11:30 ஆகிவிடுவதால், மும்பையின் தேசிய நிகழ்கலை மையம் போன்ற இடங்களில் பதிவுகளே பின்னர் திரையிடப்படுகின்றன. ஆகவே 'நேரலை' என்ற சிறப்பின் பெரும்பகுதி இங்கு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடுகிறது.

ஆயினும் இம்முறையின் பயன் சிறிதன்று. சென்னையின் மார்கழி இசைவிழாவைக் கேட்கப் பெரம்பலூர்க்காரருக்கும் அரியலூர்க்காரருக்கும் நெடும்பயணமும் தங்கும் செலவும் தேவைப்படுகின்றன. திரையரங்கோ பக்கத்து நகரத்திலேயே இருக்கிறது. மெலட்டூர் பாகவத மேளம் போன்ற தெலுங்கு நாட்டிய நாடகத்தைத் தமிழ் வரிகளுடன் திரையில் காட்டினால், நேரில் சென்றும் பாட்டின் பொருள் புரியாமல் திரும்புவோர் அடையாத தெளிவைத் திரையரங்கப் பார்வையாளர் அடைவர். நேரலை புறப்படும் இடமாகவும் இப்பகுதி அமையலாம்: 2025 ஜூலை 27 அன்று அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இளையராஜா தம் குழுவினருடன் திருவாசக இசையை வழங்கியபோது, வளாகத்துக்குள் இடம் பெற்றோர் சிலரே, திரை வழியே கண்டோரே மிகப் பலர்.

குறைகளில் முதன்மையானது பார்வையின் உரிமை பறிபோவதாகும். கச்சேரியில் தனியாவர்த்தனம், அதாவது தாள வாத்தியக்காரர் தனித்து வாசிக்கும் பகுதி, முடியும் தறுவாயில் மிருதங்கக்காரரும் பாடகரும் பரிமாறிக்கொள்ளும் பார்வையைக் கவனிப்பதே தேர்ந்த ரசிகரின் இன்பம். அந்நேரத்தில் கேமரா தம்புராவின் வேலைப்பாட்டைக் காட்டிக்கொண்டிருந்தால் அவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஓபராவிலும் திரையரங்கின் ஒலிக்கருவி எல்லாக் குரல்களையும் ஒரே அளவினதாகக் காட்டுவதால், ஒலிபெருக்கியற்ற குரலின் வலிமை என்னும் அதன் அடிப்படைச் சாதனையே மறைந்துபோகிறது.

இதனினும் ஆழமான தடை தெருக்கூத்தில் புலப்படுகிறது. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நிகழும் 'அர்ச்சுனன் தபசு' கூத்தில், அர்ச்சுனனாக வேடமிட்டவர் உயர்ந்த தபசு மரத்தின் மீது ஏறிப் பாடி, எலுமிச்சையையும் பூவையும் திருநீற்றையும் கீழே வீச, பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அவற்றை முந்தானையில் ஏந்துகின்றனர். இங்குப் பார்வையாளர் நிகழ்வின் ஓர் உறுப்பு. அவரை இருக்கையில் அமர்த்தித் திரையை மட்டும் காட்டினால் எஞ்சுவது கூத்தன்று, கூத்தின் தகவல் மட்டுமே. எனவே எல்லா அரங்கக் கலைகளுக்கும் இம்முறை ஒரே அளவில் பொருந்தும் என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று.

பொருளியல் கேள்வியும் உண்டு. திரையரங்க ஒளிபரப்பு தன் சொந்த அரங்கின் சீட்டு விற்பனையைப் பாதித்தது என்பதை மெட்ரோபாலிட்டன் நிறுவனத்தின் பொது மேலாளர் பீட்டர் கெல்ப் ஒப்புக்கொண்டுள்ளார். தமிழகமும் இதை முன்பே கண்டது: 1931-இல் பேசும்படம் வந்தபின், மேடை நாடகமான 'பவளக்கொடி' 1934-இல் பாட்டுகளோடு அப்படியே திரையேறியதுபோல் பலவும் திரையேற, ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்கள் நலியத் தொடங்கின. பெருநகரக் கலை திரைவழியே சிற்றூருக்கு வந்து, சிற்றூர்க் கலைஞரின் மேடையைக் காலி செய்துவிடுமானால் அது பரவலாக்கம் ஆகாது.

ஆகவே கச்சேரி, நாட்டிய நாடகம், மேலைநாட்டு ஓபரா ஆகியவற்றை இவ்விரு மாவட்டத் திரையரங்குகளுக்குக் கொண்டுவருவது வரவேற்கத்தக்கதே. கூத்தை அதன் களத்திலேயே விட்டுவைப்பதே முறை. இத்தகைய திரையிடல்களில் ஈடுபடும் திரையரங்க உரிமையாளர்களும் அரசின் கலை பண்பாட்டுத் துறையும், ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் அரை மணி நேரமேனும் உள்ளூர்ப் பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் மேடையும் ஊதியமும் அளிக்க முன்வர வேண்டும்.