கலியாண மண்டபத்தில் ஒரு கரம் போட்

கண்டியில், கட்டுக்கலையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ, கலியாண வரவேற்பு என்றால் சின்னதுகளுக்குப் பலூன் போதும். பெரியவர்களுக்குப் பேச்சு இருக்கிறது. பன்னிரண்டு, பதினாலு வயதுகள்தான் பாவம், கைத்தொலைபேசியும் கையுமாக மூலையில் கிடக்கும். அதுகளுக்கு ஏற்றது கரம் போட். கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. ஆடுவது நாலு பேர். சுற்றி நின்று யோசனை சொல்வது பத்துப் பேர். பவுடர் தூவிச் சுண்டினால் காய் வழுக்கிப்போய், சட்டத்தில் பட்டுத் திரும்பிக் குழியில் விழும். சிவப்பைப் போட்டவன் அடுத்து தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். தவறினால் சிவப்பு நடுவுக்கே வந்துவிடும். அந்த ஒரு அடிக்கு மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்ற பேதமில்லை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டும்போதே ஒரு போட்டுக்கும் பவுடர் டப்பாவுக்கும் சொல்லிவையுங்கள்.