கதவு மூலையில் ஒரு கோடு: பேப்பர் டேப்புடன் பதினோரு வாரம்

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடி வீடு. பிள்ளைகள் படிப்பதற்காக ஹாலை மறித்து, சித்திரையில் ஜிப்சம் போர்டில் ஓர் அறை எழுப்பினார்கள். பகல் ஒரு மணி தாண்டியதும் பால்கனி வழியாகக் கடற்காற்று நுழையும்; அறைக் கதவு படீரென்று அறையும். வைகாசி முடிவதற்குள் நிலையின் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கி ஒரு கோடு கிளம்பிவிட்டது. பெயின்டர்கள் ‘ஏர் கிராக்’ என்று சொல்லும் மயிரிழை விரிசல். பட்டி பார்த்து வண்ணம் அடித்தார்கள். இரண்டே வாரத்தில் அதே இடத்தில் அதே கோடு.

வீட்டுக்காரர் மூன்றாம் முறை பூசச் சொல்லவில்லை. பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு ஒரே இணைப்பை இரண்டு விதமாக ஒட்டச் சொன்னார். அறைப் பக்கம் கண்ணாடி இழையில் நெய்த மெஷ் டேப், ஹால் பக்கம் பழங்காலத்துப் பேப்பர் டேப். இரண்டு பக்கமும் ஒரே மாவு, ஒரே பெயின்ட், ஒரே கதவு. ஆனித் தொடக்கத்தில் ஒட்டியது. இப்போது பதினோரு வாரம் ஆகிறது.

போர்டு போடும் தம்பிக்கு இதில் மனமில்லை. “மெஷ்ஷுன்னா பின்னாடியே பசை இருக்கு சார், இழுத்து ஒட்டிட்டுப் போயிடலாம். பேப்பருக்கு அடியில ஒரு தடவை பூசணும், மேல ஒரு தடவை பூசணும்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பாதி நேரத்தில் முடிகிற வேலை என்பதால்தான் ஊரெல்லாம் மெஷ் ஒட்டுகிறார்கள். ஆனால் அது வலை. இழுபட்டால் கண்கள் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அந்தக் கொஞ்சம் போதும், மேலே காய்ந்த பூச்சு கீறிவிடும். பேப்பர் டேப் நீளாது. சுமார் 50 மில்லிமீட்டர் அகலம், நடுவில் ஒரு மடிப்புக்கோடு, பார்க்க ஒன்றுமில்லாத பொருள். அதன் முழுப் பெருமையும் இழுத்தால் விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதத்தில்தான்.

போர்டின் கதையே காகிதத்தின் கதைதான். 1894-இல் அமெரிக்காவின் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை பெற்ற பலகை, காகிதமும் ஜிப்சம் சாந்தும் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. இன்றைய போர்டிலும் நடுவிலுள்ள ஜிப்சம் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்குவது இருபுறமும் ஒட்டிய காகிதம். இரண்டு போர்டு சந்திக்கும் இடத்தில் அந்தக் காகிதம் அறுந்து நிற்கிறது. அங்கே பேப்பர் டேப்பை ஒட்டும்போது அறுந்த காகிதத்தைத்தான் மறுபடி தொடுக்கிறோம்.

மாவைப் பற்றி இங்கே கண்டிப்பாகப் பேசியாக வேண்டும். நம்மூரில் பல பெயின்டர்கள் போர்டு இணைப்புக்கும் சிமென்ட் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டியையே எடுக்கிறார்கள். அந்தச் சித்திரை மாத வேலையிலும் அதுதான் நடந்திருந்தது. சுவர்ப் பட்டி வேறு, ஜாயிண்ட் காம்பவுண்ட் வேறு. காம்பவுண்டிலும் இரண்டு சாதி உண்டு. வாளியில் குழைத்தே வருவது தண்ணீர் வற்றிக் காயும், காயும்போது சுருங்கும். தூளாக வந்து நாம் குழைப்பது, சுட்ட ஜிப்சம் தண்ணீரை உள்வாங்கித் திரும்பக் கல்லாவது. இறுகும்போது வாளியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், சுருக்கமும் மிகக் குறைவு. மெஷ் ஒட்டுகிறவர்கள் முதல் பூச்சுக்கு இந்தத் தூளைத்தான் குழைக்க வேண்டும். வாளி மாவை மெஷ் மேல் பூசினால் விரிசலைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. இந்தச் சோதனையில் இரு பக்கமும் தூள் மாவுதான், மெஷ்ஷுக்கு அநியாயம் செய்யவில்லை.

ஐந்தாம் வாரம் அறைப் பக்கத்தில் கோடு தெரிந்தது. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தெரியும் அளவுக்கு மெல்லியது. இப்போது ஒரு சாண் நீளம். மெஷ் தடிப்பானது என்பதால் அந்த இடம் லேசாக மேடிட்டிருந்தது. மேட்டைச் சமமாக்க உப்புத்தாள் போட்டதில் இழைகள் இரண்டு இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கின்றன.

ஹால் பக்கத்தில் கோடு இல்லை. குறை ஒன்று உண்டு: மூன்றாம் வாரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரு கொப்புளம். அடியில் மாவு போதாமல் பேப்பர் ஒட்டாமல் நின்ற இடம் அது. பிளேடால் கீறி, மாவைத் திணித்து அழுத்தியதும் சரியாகிவிட்டது. பேப்பர் டேப் கை வேலையைக் கேட்கும். அடியில் தாராளமாகப் பூசி, மேலே பட்டித் தகட்டை அழுத்தி இழுத்து, மிஞ்சிய மாவைப் பிதுக்கி எடுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

டேப் எதுவானாலும் நோயின் வேர் அந்த வீட்டில் வேறிடத்தில் இருக்கிறது. கதவுக்கு மேலே நிலையின் அகலத்துக்கு அளவெடுத்து ஒரு துண்டு போர்டை வைத்து, இணைப்பு இரண்டையும் சரியாக நிலைக்கால்களுக்கு நேர் மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். கதவு அறையும் அதிர்ச்சி வந்து குவிவது அந்த மூலையில்தான்; சுவரின் மிகப் பலவீனமான கோட்டையும் அங்கேயே வைத்தால் எந்தப் பூச்சு நிற்கும்? முழுப் போர்டை மூலையில் ‘ட’ போல வெட்டிக் கதவுக்கு மேலே கொஞ்ச தூரம் ஓடவிட்டு, இணைப்பை நிலைக்கு நடு மேலே உள்ள குட்டி ஸ்டட்டில், அதாவது போர்டைத் திருகும் தகரக் காலில், முடிக்க வேண்டும். மறுபக்கத்து இணைப்பு இதற்கு நேராக வராமல் தள்ளி விழ வேண்டும். போர்டு கொஞ்சம் சேதாரமாகும் என்று ஆட்கள் தயங்குவார்கள். வெட்டுகிற அன்றைக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். பூசி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

நிலைக்காலும் அப்படியே. கனமான ஃப்ளஷ் கதவை ஒற்றைத் தகர ஸ்டட்டில் தொங்கவிட்டால் சாத்தும் ஒவ்வொரு முறையும் அது முறுக்கும். இரண்டு ஸ்டட்டை ஒன்றுக்குள் ஒன்று செருகி, உள்ளே மரச்சட்டம் கொடுத்து, தரையிலும் மேல்தளத்திலும் இறுக்க வேண்டும். இது இல்லாத இடத்தில் பேப்பர் டேப்பும் நெடுநாள் காப்பாற்றாது. ரப்பர் ஸ்டாப்பர் ஒன்றை வீட்டுக்காரர் இன்னும் பொருத்தவில்லை, சோதனை முடியட்டும் என்று காத்திருந்தார்.

புதிதாகப் போர்டுச் சுவர் எழுப்புகிறவர்கள் ‘ட’ வெட்டும் பேப்பர் டேப்பும் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கீறிய மூலைக்கும் பேப்பரே நல்லது. மெஷ்ஷை ஆணி ஓட்டை அடைக்கவும் சின்ன ஒட்டு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம், கதவோரத்துக்கு வேண்டாம். திருவான்மியூர் வீட்டில் அறைப் பக்கத்து மெஷ்ஷைச் சுரண்டிவிட்டுப் பேப்பர் ஒட்ட, வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியே வருகிறார்.