ஏணி அசையாது என்று சொன்னது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் வேலையாகப் போயிருந்தேன். ஒரு சர்வோ மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே நியோடிமியம் காந்தம். "சூடானா இது ஏன் சார் பவர் குறையுது?" என்று டெக்னீஷியன் கேட்டார்.

படித்ததை ஒப்பித்தேன். அருமண் அயனியைச் சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் எலெக்ட்ரான் மட்டங்களை ஏணிப்படி மாதிரி பிரிக்கும். சூடு ஏறினால் மேல்படிகளும் நிரம்பும். காந்தத்தின் திசைப்பிடிப்பு தளரும். தப்பில்லை. ஆனா பாதிதான் சொன்னேன்னு வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

படிகப் புலம் என்கிற இந்தச் சித்திரத்தைக் குறைத்துப் பேசவில்லை. நம்ம வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தப்பண்பு திசைக்குத் திசை மாறுவதை அளந்தார். அப்படிப்பட்ட அளவுகளைப் புரியவைத்தது இந்தச் சித்திரம்தான். என் குறை வேறு: பாடப்புத்தகப் படத்தில் சுற்றியுள்ள அணுக்கள் ஆணி அடித்தது போல நிற்கின்றன. நிஜத்தில் அவை அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அணு நகர்ந்தால் புலம் மாறும். புலம் மாறினால் படியும் ஆடும்.

பெரும்பாலும் இந்த ஆட்டம் சின்னது, விட்டுவிடலாம். விட முடியாத இடம் ஒன்று உண்டு. ஒரு சீரியத்துக்கு இரண்டு அலுமினியம் என்ற கணக்கில் அமைந்த கனசதுரப் படிகம். அதில் சீரியத்தின் ஆறு நிலைகள் கீழே இரண்டு, மேலே நான்கு என்று பிரியும். அதாவது ஒரே ஒரு தாவல். நியூட்ரான் சோதனையில் ஒரு முகடுதான் வரணும். 1979-ல் லோவன்ஹாப்ட் குழு வெளியிட்ட முடிவில் இரண்டு முகடுகள்: சுமார் 9, 16 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்.

என்னை மாதிரி ஆளு என்ன செய்திருப்பேன்? மேலே உள்ள நான்கும் இரண்டிரண்டாகப் பிரிந்துவிட்டதுன்னு ஒரு பாராமீட்டரைச் சேர்த்துக் கணக்கை முடித்திருப்பேன். ஆனா அதற்குப் படிகம் கோணணும். அது கனசதுரமாகவே இருந்தது. 1982-ல் தால்மெயரும் ஃபுல்டேயும் வேறு விளக்கம் தந்தார்கள்: தாவலுக்கு ஆகும் ஆற்றலும் ஒரு ஃபோனானின் ஆற்றலும் நெருங்கி வந்ததால் இரண்டும் கலந்துவிட்டன. ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஊசல்கள் மாதிரி. ஒவ்வொரு முகடும் பாதி அதிர்வு, பாதி எலெக்ட்ரான்.

ஏணியை ரீட்-ஒன்லி ஃபைல் என்று நினைத்தது என் தவறு. இன்னொரு புராசஸ் அதில் எழுதிக்கொண்டே இருக்கிறது. அடுத்த தடவை அந்த டெக்னீஷியனைப் பார்த்தால் மிச்சப் பாதியையும் சொல்லணும்: படியேற ஆற்றல் கொடுப்பதும் அதிர்வு, சில சமயம் படியையே மாற்றுவதும் அதிர்வு.