வளைவில் தீர்மானமாகும் ஓவர்டேக்

2005 இமோலா பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளை ஃபார்முலா 1 ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். 13-ஆவது இடத்தில் புறப்பட்ட மைக்கேல் ஷூமாக்கர், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபெர்னாண்டோ அலோன்சோவின் வாலைப் பிடித்துவிட்டார். அந்தக் கட்டத்தில் ஷூமாக்கரின் ஃபெராரியின் வேகம் அலோன்சோவின் ரெனோவைவிட வெகுவாக அதிகம். ஆனாலும் சுற்றுக்குச் சுற்று ஒட்டியபடி வந்தாரே தவிர, அவரால் முந்த முடியவில்லை. 0.215 நொடியில் அலோன்சோ வென்றார். அடுத்த ஆண்டு அதே இமோலாவில் ஆட்கள் இடம் மாறினார்கள்: முன்னே ஷூமாக்கர், பின்னே அலோன்சோ. அப்போதும் முன்னே இருந்தவருக்கே வெற்றி.

இருவரும் உலக சாம்பியன்கள். இருவருக்கும் துணிச்சலில் குறைவில்லை. ஆகவே இதை ஓட்டுநரின் திறமைக் கணக்கில் எழுத முடியாது. முன்னே போகும் கார் விட்டுச்செல்லும் காற்றில்தான் காரணம் இருக்கிறது.

ஃபார்முலா 1 காரின் இறக்கைகளும் அடித்தளமும் காற்றைப் பயன்படுத்தி வண்டியைத் தரையோடு அழுத்துகின்றன. இந்த டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. அதனால் வேகமான வளைவுகளில் காரைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் காற்றுதான். ஆனால் அந்த வேலையைச் செய்து முடித்த காற்று வலுவிழந்து, சுழன்று, கலங்கிப் பின்னால் வருகிறது. பைபாஸ் சாலையில் பெரிய பேருந்துக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு அந்தத் தள்ளாட்டம் தெரியும். பின்தொடரும் காரின் முன் இறக்கைக்குக் கிடைப்பது இந்தக் காற்றுதான். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு திரும்பாமல் கார் வெளிப்பக்கம் வழுக்குகிறது. வழுக்கும் டயரின் மேற்பரப்பு சூடேறுகிறது. இரண்டு மூன்று சுற்று இப்படி ஓடினால் டயரில் பிடி இருக்காது. ஓட்டுநர் தானே இடைவெளி விட்டுப் பின்வாங்க வேண்டியதுதான்.

நேர்ப்பாதையில் அதே காற்று நன்மை செய்கிறது. எதிர்ப்பு குறைவதால் பின்னால் வரும் காருக்கு வேகம் கூடுகிறது. இதுதான் ஸ்லிப்ஸ்ட்ரீம். ஆனால் நேர்ப்பாதைக்கு முந்தைய வளைவில் அரை நொடியை இழந்தவருக்கு அந்த உதவி போதாது. பார்சிலோனா சர்க்யூட்டில் 2007-இல் கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு மெதுவான ஷிகேன் (அடுத்தடுத்து வரும் இட-வல வளைவு) சேர்த்ததே இதற்காகத்தான்: வேகம் குறைந்தால் கார்கள் நெருங்கி நேர்ப்பாதைக்குள் நுழையும் என்று நம்பினார்கள். நம்பியது நடக்கவில்லை. 2023-இல் அந்த ஷிகேனைக் கைவிட்டார்கள்.

2010 அபுதாபியில் சாம்பியன் பட்டத்துக்கே முந்த முடியாத இந்த நிலை வினையானது. நான்காம் இடம் கிடைத்தால் பட்டம் என்ற நிலையில் அலோன்சோ, விட்டாலி பெட்ரோவின் காருக்குப் பின்னால் பந்தயத்தின் பெரும்பகுதியும் சிக்கிக் கிடந்து ஏழாவதாக முடித்தார். பட்டம் செபாஸ்டியன் வெட்டலுக்குப் போனது. அடுத்த ஆண்டு டிஆர்எஸ் வந்தது: முன்னே போகும் காருக்கு ஒரு நொடிக்குள் வந்துவிட்டால், குறிப்பிட்ட நேர்ப்பாதையில் பின் இறக்கையின் மடலைத் திறந்து வேகம் கூட்டலாம். முந்தல்கள் கூடின. ஆனால் டிஆர்எஸ் வலியைத்தான் குறைத்தது, நோயைத் தொடவில்லை என்பது என் உறுதியான கருத்து. பிரேக் போடும் இடம் வருவதற்குள்ளேயே முடிந்துவிடும் ஓவர்டேக்கில் தடுப்பவருக்கு வேலை இல்லை; முந்துபவருக்கும் பெரிதாக இல்லை. இதற்கிடையே 2017-இல் காரின் அகலத்தை 1.8 மீட்டரிலிருந்து 2 மீட்டராக்கி, டவுன்ஃபோர்ஸையும் கூட்டினார்கள். சுற்று நேரங்கள் சரிந்தன. முந்தல்களும் கூடவே சரிந்தன.

நோயைத் தொட்ட பெரிய முயற்சி 2022 விதிகள். பொறியாளர்கள் ராஸ் பிரான், பாட் சைமண்ட்ஸ் இருவரும் முன்னின்ற குழு, பின்தொடரும் காரை மனதில் வைத்தே முன்னால் போகும் காரின் வடிவத்தை வரைந்தது. டவுன்ஃபோர்ஸின் பெரும்பங்கை அடித்தளத்தின் சுரங்க வடிவப் பாதைகளுக்கு மாற்றினார்கள். பக்கவாட்டிலிருந்த சிக்கலான துடுப்புகளை எடுத்தார்கள். கலங்கிய காற்று மேலே எழும்பி, பின்னால் வருபவரின் தலைக்கு மேல் போகும்படி செய்தார்கள். அப்போது வெளியிட்ட கணக்கின்படி, பழைய கார் 20 மீட்டர் பின்னால் வரும்போது 35 சதவீத டவுன்ஃபோர்ஸை இழக்கும். புதியது 4 சதவீதம். 10 மீட்டரில் 46 சதவீதம் 18 ஆகக் குறையும்.

அந்த ஆண்டின் முதல் பந்தயம் பஹ்ரைனில். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முதல் வளைவில் உள்ளே பாய்ந்து சார்ல் லெக்லேரை முந்துகிறார். லெக்லேர் விட்டு விலகாமல் ஒட்டி வந்து, நான்காவது வளைவில் இடத்தைத் திரும்பப் பிடிக்கிறார். அடுத்த சுற்றிலும் அதே கதை. மூன்றாவது முறை வெர்ஸ்டாப்பனின் டயர் லாக் ஆகிறது. முதல் வளைவுக்கு முன் லெக்லேர் வேண்டுமென்றே சீக்கிரம் பிரேக் பிடித்தார். டிஆர்எஸ் கோட்டைக் கடக்கும்போது பின்னால் இருப்பவருக்கே அடுத்த நேர்ப்பாதையில் மடல் திறக்கும் என்பது அவர் கணக்கு. முந்தவிட்டாலும் வளைவுகளில் ஒட்டி நிற்க முடியும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அவரால் அப்படிக் கணக்குப் போட முடிந்தது.

அந்த நிலை நீடிக்கவில்லை. முன் சக்கரங்கள் கிளப்பும் கலங்கல் தன் காரின் அடித்தளத்துக்குள் போனால் நட்டம் என்பதால், ஒவ்வொரு அணியின் பொறியாளரும் அதை வெளிப்பக்கமாகத் தள்ளவே பார்ப்பார். தள்ளியது நேராகப் பின்னால் வருபவரின் மேல் விழும். முன் இறக்கையின் ஓரங்களிலும் அடித்தளத்தின் விளிம்பிலும் ஆண்டுக்கு ஆண்டு நுணுக்கம் சேர்த்து, அணிகள் அந்தக் கலையை மீட்டுவிட்டன. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. போட்டியாளருக்கு நல்ல காற்று தர யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. 2025 சுசுகாவில் விளைவைப் பார்த்தோம். வெர்ஸ்டாப்பன், நோரிஸ், பியாஸ்ட்ரி மூவரும் இரண்டு நொடிச் சொச்சத்துக்குள் முடித்தார்கள். முதல் ஆறு பேரும் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். அந்தத் தடத்தின் முதல் பகுதியிலுள்ள எஸ் வளைவுகளில் அருகே வந்தவர் டவுன்ஃபோர்ஸ் போய்த் தடுமாறுவார். பிறகு நேர்ப்பாதையில் எத்தனை வேகமிருந்தும் பயனில்லை.

மொனாக்கோவை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2024-இல் அங்கே முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே முடித்தார்கள். அங்கே தடை காற்றல்ல, தெருவின் அகலமும் காரின் அகலமும்.

2026 விதிகள் காரைச் சுருக்கியிருக்கின்றன: அகலம் 1.9 மீட்டர், சக்கர இடைத்தூரம் 3.4 மீட்டர். முன் சக்கரத்துக்குப் பின்னால், கலங்கலை உள்பக்கமாக இழுக்கும் பலகைகள் வந்திருக்கின்றன. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். டிஆர்எஸ் போய்விட்டது, நேர்ப்பாதையில் எல்லாருடைய இறக்கைகளும் படுத்துக்கொள்ளும். முந்த வருபவருக்குக் கூடுதல் மின்சக்தி கிடைக்கும். அதற்கும் அதே ஒரு நொடி நிபந்தனைதான். இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் எனக்குத் தயக்கம். மருந்தை மறுபடி நேர்ப்பாதையில்தான் கொடுக்கிறார்கள்.

முந்தல்களை எண்ணி விதிகளுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். 20 மீட்டர் பின்னால் வரும் கார் எத்தனை சதவீத டவுன்ஃபோர்ஸை இழக்கிறது என்ற எண்ணை, விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ ஆண்டுதோறும் வெளியிடட்டும். அது ஏறினால், எந்தப் பாகம் காரணமோ அதை அடுத்த சீசனுக்கு முன்பே விதியால் மூடட்டும். நான்கைந்து ஆண்டு காத்திருந்து மொத்தக் காரையும் மாற்ற வேண்டியதில்லை.