பொதுநலத்தில் யார் பொது?

பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு. ஊரில் 'பொது' என்ற சொல் ஒட்டியிருந்த இடமெல்லாம் சேரிக்காரன் நுழையக் கூடாத இடம் என்பதை, எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டவர்கள் நாம். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் நான் புரட்டிய எந்த அகராதியிலும் இந்தப் பொருள் இல்லை. பிறகு ஒரு தீர்ப்பில் கிடைத்தது.

2013 ஏப்ரல் 2ஆம் தேதி தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அது. ஓர் இலக்கியப் பிரதியைப் போல அதைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஆலையை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் 2010 செப்டம்பர் ஆணையை அது ரத்து செய்தது. ஆலை மண்ணையும் நீரையும் கெடுத்தது, இசைவைப் புதுப்பிக்காமல் நெடுநாள் ஓடியது, நீதிமன்றத்திடமே உண்மையை மறைத்தது. இத்தனையையும் பிரதியே ஒப்புக்கொள்கிறது. அப்புறம் ஒரு பத்தி வருகிறது. மின்சாரத்துக்கும் ராணுவத்துக்கும் தாமிரம் வேண்டும். ஆலையில் சுமார் 1300 பேர் வேலை பார்க்கிறார்கள். அரசுகளுக்கு ஏராளமாக வரி வருகிறது. தூத்துக்குடித் துறைமுகச் சரக்கில் 10 சதவீதம் இந்த ஆலையுடையது. ஆகவே 'பொதுநலன்' கருதி ஆலை ஓடலாம், 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டட்டும்.

அந்தப் பத்தியில் மூச்சு இல்லை. இழப்பீட்டை அளந்ததும் நிறுவனத்தின் லாபத்தை வைத்துத்தான். மண்ணுக்கும் நீருக்கும் என்று ஒதுக்கினார்கள். நெஞ்சுக்கூட்டுக்கு என்று ஒரு காசு எழுதவில்லை. 1908இல் கோரல் மில் தொழிலாளிகள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தியபோது கூட நின்றவர் வ.உ.சி. 2011இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட துறைமுகத்தின் சரக்குக் கணக்கு, இரண்டே வருசத்தில் ஜனங்களின் உடம்புக்கு எதிராகத் தராசில் ஏறுகிறது.

மறுதட்டில் வைக்க ஒன்றும் இல்லாமல் போகவில்லை. 2006-07இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் 80,000 பேருக்கு மேல் ஆராய்ந்தது. சுவாச நோய்கள் அதிகம், பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறுகள், நிலத்தடி நீரில் அளவு மீறிய இரும்பு என்று எழுதியது. ஒவ்வொரு நோய்க்கும் ஆலைதான் காரணம் என்று நிறுவிய ஆய்வல்ல அது. இன்னும் தோண்டிப் பார் என்று சொன்ன ஆய்வு. ஆனால் நோய்க்கணக்கு ஓர் அலுவலகத்தில் இருக்கும், வரிக்கணக்கு இன்னோர் அலுவலகத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஆளில்லை.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் சுகாதாரத் துறைக்குப் பெயரே மக்கள் நல்வாழ்வுத் துறை. நியூசிலாந்து அரசு 2019இல் 'நல்வாழ்வு பட்ஜெட்' போட்டது. உற்பத்தி எவ்வளவு என்பதோடு மனநலத்தையும் குழந்தைகளின் வறுமையையும் கணக்கில் வைத்துச் செலவைத் தீர்மானிப்பது அதன் முறை. நல்வாழ்வு அங்கே நிதியமைச்சரின் வேலை. இங்கே அது சீக்கு வந்தபிறகு போய் நிற்கிற வரிசை.

என் சித்தி முப்பது வருசம் அளத்தில் உப்பு வாரியவள். "வெயில் மேலேருந்தும் அடிக்கும், உப்புல பட்டு கீழேருந்தும் அடிக்கும்லா. கண்ணு என்னத்துக்கு ஆவும்? டாக்டரு வெயில்ல போவாதீங்கன்னு சொல்லுதாரு. சோறு அவரா போடுவாரு?" என்பாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் கண் எரிச்சல், சொட்டு மருந்து என்று இருக்கும். கூலி எவ்வளவு, ஒதுங்க நிழல் உண்டா, கக்கூஸ் உண்டா என்று கேட்கிற சீட்டை நான் பார்த்ததில்லை. மழை மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது, கடன்தான். 2022இல் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அந்த வருசம்தான் சித்தி வட்டிக்காரன் வீட்டுக்குப் போகாமல் கண் டாக்டரிடம் போனாள். அந்தக் காசைப் பொருளாதாரம் என்பதா, மருந்து என்பதா?

2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஆறாம் நாள் அரசு ஆலையை மூடியது. அதை 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஆலையின் மனுவைத் தள்ளுபடி செய்தது, அந்த வட்டார மக்களின் உடல்நலத்தை முன்னிறுத்தி. 2013இல் எடையில்லாமல் இருந்த மூச்சுக்கு அதே நீதிமன்றத்தில் எடை வர 13 பிணம் தேவைப்பட்டது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியனில்லை. அந்த 2013 பத்தியில் 1300க்கு அடுத்து ஒரு வரி: ஒப்பந்தக்காரர்கள் மூலமும் ஏராளமானோர் வேலை பெறுகிறார்கள். அதற்கு எண் கிடையாது. எங்க தெருப் பையன்கள் அந்த எண்ணில்லாத வரிக்குள்தான் இருந்தார்கள். ஆலை மூடியபோது வேலை போனது. நம் துண்டறிக்கைகளிலும் அவர்களுக்கு வரி இல்லை. ஒரு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அவர்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, மூடியாச்சு, சந்தோசம். எனக்கு என்ன வச்சிருக்கீங்க?" நானும் இன்னும் ரெண்டு தோழர்களும் டீ வாங்கிக் கொடுத்தோம். வேறு ஒன்றும் எங்களிடம் இல்லை.

இப்போது அவன் துறைமுகத்தில் நிலக்கரி அள்ளப் போகிறான், அதுவும் ஒப்பந்தத்தில்தான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இருமி முடிக்கிற வரை காத்திருந்துதான் பேச முடிந்தது.