சாவியா, காறையா?

கழுத்துக்குக் கீழே, தோள் வரைக்கும் குறுக்கே போகும் எலும்பைத் தொட்டுப் பாருங்க. அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் நம் சிங்கப்பூர் மாணவர்களுக்கு அது ‘கிளாவிக்கிள்’. லத்தீனில் ‘கிளாவிஸ்’ என்றால் சாவி. ‘கிளாவிக்குலா’ குட்டிச் சாவி. அதன் வளைந்த வடிவம் பழைய சாவியைப் போல இருப்பதால் வந்த பெயர் என்பர். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அந்த எலும்பு சாவி மாதிரி திரும்புவதையும் காரணமாகச் சொல்வர். பியானோ படிக்கிற பிள்ளைகள் சொல்லும் ‘கிளெஃப்’கூட அதே சாவிதான்.

அதற்காக ‘சாவி எலும்பு’ என்று பெயர்த்தால்? லத்தீனுக்குப் பொருந்தும், தமிழில் ஒட்டாது. நம்மிடம் ‘காறை எலும்பு’ இருக்கிறது. காறை, கழுத்தில் அணியும் நகை. (தேக்கா நகைக்கடையில் இன்றைக்குக் காறை என்று கேட்டால் எத்தனை பேருக்குப் புரியுமோ!) ஆங்கிலத்தில் ‘காலர்’, தமிழில் காறை, இரண்டுமே கழுத்தில் கிடப்பவை. அந்தக் ‘காலர்’ என்ற சொல்லும் லத்தீன்தான், கழுத்தைக் குறிக்கும் ‘கொல்லும்’ என்பதிலிருந்து வந்தது.

என் குறை எழுத்தைப் பற்றியது. பாடக்குறிப்புகளிலும் இணையத்திலும் ‘காரை எலும்பு’ என்று இடையின ரகரம் போட்டுவிடுகிறார்கள். காரை என்றால் சுவரில் பூசும் சுண்ணாம்புச் சாந்து. ஒரே எழுத்தில் நகை போய்ச் சுவர் வந்துவிடுகிறது! பேச்சில் ரகரமும் றகரமும் நமக்கு ஒன்றாகவே கேட்கும், அதனால் காதை நம்பி எழுத முடியாது. சந்தேகம் வந்தா, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் வல்லின றகரம் போட்டுத் தேடிப் பாருங்க.