நிறுத்தத் தேதி இல்லாத மாத்திரை

காய்ச்சலோ, மூட்டுவலியோ, பல் பிடுங்கலோ, எதற்குப் போனாலும் மருந்துச் சீட்டில் ஒரு வரி மாறாமல் வந்துவிடுகிறது: பான்டோப்ரசோல் 40, காலையில் ஒன்று, வெறும் வயிற்றில். மருந்துக்கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து, பின்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று சொல்லிக் கொடுக்கிறார். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்வதில்லை. பல சீட்டுகளிலும் அது இருப்பதில்லை. அப்படித் தொடங்கியதை ஐந்து வருஷம், பத்து வருஷம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு.

இந்த மருந்தைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு நடக்கிறது. "கேஸ் மாத்திரைதானே, ஒண்ணும் பண்ணாது" என்பது ஒன்று. கிட்னியைக் கெடுக்கும், எலும்பைக் கரைக்கும், மறதி நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இன்னொன்று. முதல் பேச்சு அசட்டை. இரண்டாவது, கிடைத்திருக்கும் சான்றுகளை மீறிய பயம். இரண்டையும் ஒதுக்கிவிட்டு இந்த மருந்தை எடைபோட்டுப் பார்ப்பது, அதை விழுங்குகிற நமக்கு அவசியம்.

1970-களின் நடுப்பகுதி வரை குடற்புண் முற்றியவருக்கு வயிற்றைத் திறந்து, அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டுவது வழக்கமான சிகிச்சை. 1976-ல் சிமெடிடின் வந்தது, பிறகு ரானிடிடின். 1988-ல் ஒமெப்ரசோல் விற்பனைக்கு வந்தது. பான்டோப்ரசோல் அதன் தம்பி. இரைப்பைச் சுவரின் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்புகள் இருக்கின்றன. மாத்திரை குடலில் கரைந்து, ரத்தத்தின் வழியாக அங்கே போய், இயங்கிக்கொண்டிருக்கும் பம்பைப் பிடித்து முடக்கிவிடுகிறது. ஓரிரு மணி நேரத்தில் மருந்தில் பாதி உடலிலிருந்து கழிந்துவிடும். ஆனால் முடங்கிய பம்புக்குப் பதில் புதிது உருவாகும் வரை அமிலம் குறைவாகவே இருக்கும். பம்பை எழுப்புவது சாப்பாடு. அதனால்தான் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகப் போடச் சொல்கிறார்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாளாகும். ராத்திரி விருந்து முடிந்து நெஞ்சு எரியும்போது ஒன்றை எடுத்துப் போடுவதால் அந்த நேரத்துக்குப் பெரிய பயன் கிடையாது. உடனே கேட்பது ஜெலுசில், டைஜீன் மாதிரியான திரவம்தான்.

நெஞ்சுக்குழியில் அமிலம் ஏறி உணவுக்குழாய் புண்ணானவருக்கு இதைவிட நல்ல மருந்து அரிது. நான்கு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். ரத்தக்கசிவுள்ள அல்சரில் இது உயிரைக் காக்கிற மருந்து. அந்தப் பெருமையில் குறைக்க எதுவும் இல்லை.

ஆனால் "அல்சர் இருக்கு" என்ற ஒரே காரணத்துக்காக வருஷக்கணக்கில் இதை மட்டும் விழுங்குவது அரைகுறை வைத்தியம். வேளைக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் சிகிச்சை. அதோடு காரணமே போய்விடுகிறது. ஆகவே பல வருஷமாக "அல்சர் மாத்திரை" போடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எனக்கு அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தோமா?" என்பது.

இனிக் குற்றச்சாட்டுகள். ஜெர்மனியின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2016-ல் வந்த ஓர் ஆய்வு, இந்த வகை மருந்து எடுத்த முதியவர்களிடம் மறதி நோய் அதிகம் என்றது. பயம் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு. எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு, நிமோனியா என்று வந்த பலவும் இதே மாதிரி பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகள். அவற்றில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. இந்த மாத்திரை எழுதப்படுவது யாருக்கு? ஏற்கெனவே வயதானவருக்கு, பல நோய் உள்ளவருக்கு, வேறு பத்து மருந்து எடுப்பவருக்கு. குடை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்பதால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது.

2019-ல் வெளியான காம்பஸ் ஆய்வின் முடிவுகள் இதைத் தெளிவாக்கின. இதய, ரத்தநாள நோயுள்ள சுமார் 17,600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோப்ரசோல் 40, மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்து, சராசரியாக மூன்று ஆண்டு கவனித்தார்கள். மறதி நோய், எலும்பு முறிவு, நிமோனியா, நாள்பட்ட சிறுநீரக நோய் எதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஒன்றில் மட்டும் இருந்தது: குடல் தொற்று. வெற்று மாத்திரைக்காரர்களில் 1.0 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 1.4 சதவீதம். சின்ன வித்தியாசம்தான். ஆனால் இரைப்பை அமிலம் கிருமிகளைத் தடுக்கும் முதல் வேலி. குடிநீரும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் ஊர்களில் அந்தச் சின்ன வித்தியாசத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த ஆய்வே கடைசி வார்த்தையும் அல்ல. மூன்று ஆண்டு பத்து ஆண்டாகாது. உணவில் உள்ள பி12, புரதத்திலிருந்து பிரிய அமிலம் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் இந்த மருந்தை எடுத்தவர்களிடம் பி12 குறைவு அதிகம் என்று 2013-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதுவும் பதிவுகளை வைத்துச் செய்ததுதான். ஆனால் இங்கே உடலியக்கக் காரணம் தெளிவாக இருப்பதால் நான் அதை நம்புகிறேன். நம் வீட்டுச் சர்க்கரை நோயாளியை நினைத்துப் பாருங்கள். மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். அவர் சைவம் என்றால் தயிரும் பாலும் தவிர வேறு வழியில் பி12 பெரும்பாலும் வராது. மூன்றாவதாகத் தினமும் பான்டோப்ரசோல். உள்ளங்கால் எரிகிறது, மதமதவென்று இருக்கிறது என்று அவர் சொன்னால், "சுகர் இருந்தா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யக்கூடிய குறை அது. தாமதித்தால் நரம்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். இரண்டும் வெறும் வயிற்று மாத்திரை என்பதால் ஒரே மடக்குத் தண்ணீரில் இரண்டும் போகின்றன. நேரத்தைத் தள்ளிவைத்தாலும், அமிலம் குறைந்த வயிற்றில் லெவோதைராக்சின் சரியாகக் கரைந்து சேராமல் போகலாம். பான்டோப்ரசோலைப் புதிதாகத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ டி.எஸ்.எச். அளவை மறுபடி பார்க்க வேண்டும். மக்னீசியம் குறைவைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2011-லேயே எச்சரித்தது, ஓராண்டுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் சிறுநீர் மாத்திரை சேர்த்து எடுப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

என் கடுமையான ஆட்சேபம் இந்தத் தனி மாத்திரை மேல் இல்லை, அதன் கூட்டாளி மேல். நம் கடைகளில் அதிகம் போகும் காப்ஸ்யூலில் பான்டோப்ரசோல் 40 மி.கி.யோடு டோம்பெரிடோன் 30 மி.கி.யும் இருக்கிறது. டோம்பெரிடோன் வாந்தி மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால், குமட்டல், வாந்திக்கு மட்டும், நாளுக்கு 30 மி.கி.க்கு மிகாமல், பொதுவாக ஒரு வாரம் வரை என்று 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்படுத்தியது. வயிறு உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அதைத் தரக்கூடாது என்றும் சொன்னது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை. இங்கே, அந்த உச்ச அளவை, உப்புசத்துக்கென்றே, 70 வயதுக்காரர் மாதக்கணக்கில் சாப்பிடுகிறார். கூடவே க்ளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ஆபத்து கூடும். பெண்களுக்கு டோம்பெரிடோன் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றி மாதவிடாயைக் குழப்பலாம். நீண்ட நாளுக்கு இந்தக் கூட்டு மருந்தை எழுதுவதற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை.

பின் ஏன் நிறுத்தத் தேதி இல்லாமல் மாத்திரை விழுங்கும் வழக்கம் மாறவில்லை? ஒரு காரணம் மருந்துக்குள்ளேயே இருக்கிறது. டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு: நெஞ்செரிச்சலே இல்லாத 120 ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் இதே வகை மருந்தான எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம்தான். அமிலத்தை அடக்கியதும் உடல் காஸ்ட்ரின் ஹார்மோனை ஏற்றிக்கொண்டே போகிறது. மருந்தை விட்டதும் அமிலம் முன்னைவிட வேகமாகப் பொங்குகிறது. நோயாளி இரண்டே நாளில் "பாத்தீங்களா, நிறுத்தினா முடியலை" என்று மறுபடி ஆரம்பிக்கிறார். அது நோய் திரும்பியதாக இருக்க வேண்டியதில்லை. அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடையில் திரவ மருந்தால் சமாளித்தால் பலர் சில வாரங்களில் விட்டுவிட முடியும்.

வீட்டில் அட்டையைக் கையில் வைத்திருப்பதால் வரும் இன்னொரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மேல்வயிற்று வலி என்று வந்தால் "கேஸ்" என்று ஒன்றைப் போட்டுப் படுத்துவிடுகிறோம். மாரடைப்பு, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும், மேல்வயிற்றுத் தொல்லையாகவே வருவதுண்டு. அந்த நேரத்தில் தேவை ஒரு ஈ.சி.ஜி. அதேபோல விழுங்கச் சிரமம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையால் மூடாமல் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.

ஆக, பான்டோப்ரசோல் தரமான மருந்து. பெரும் குற்றச்சாட்டுகளிலிருந்து அது தப்பிவிட்டது. காரணமும் முடிவுத் தேதியும் இல்லாமல் எழுதுகிற பழக்கம் தப்பவில்லை. ஐந்து நாள் ஆன்டிபயாடிக்குக்குத் துணை மாத்திரை என்று இதைச் சேர்ப்பது பெரும்பாலும் தேவையற்றது. வலி மாத்திரை தினமும் எடுக்கும் முதியவருக்குச் சேர்ப்பது சரி.

இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். முன்பு அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், பாரெட் உணவுக்குழாய் என்று சொல்லப்பட்டவர்கள், ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர்கள். இந்தக் கடைசி வகையினர் அட்டையில் உள்ள பெயரையும் பார்க்க வேண்டும். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கலாம் என்பதால் அவற்றைச் சேர்த்து எடுக்க வேண்டாம் என்கிறது எஃப்.டி.ஏ.; பான்டோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு. அட்டையில் வேறு பெயர் இருந்தால், நிறுத்தாமல், அடுத்த தடவை வரை காத்திராமல், இதய மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.